ஆவுளியா படத்துக்குப் பக்கத்துல கடல்புல்லோட கணக்கையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நம்ம பக்கத்து கடற்கரையில ஆவுளியா (கடல்பசு) ஒண்ணு செத்து ஒதுங்குச்சுன்னா உங்க பேப்பர்ல படத்தோட செய்தி வருது. எத்தனை அடி நீளம், எத்தனை கிலோ இருந்துச்சு, எந்த ஊர் கரை, வனத்துறை ஆளுங்க வந்து டாக்டரை வச்சு பிரேதப் பரிசோதனை பண்ணி அங்கயே குழி தோண்டி புதைச்சாங்கன்னு எல்லாம் விவரமா வருது. அது வரத்தான் வேணும், அந்தப் படம் வந்ததாலதான் ஆவுளியான்னா என்னன்னே தெரியாத வெளியூர் ஜனங்களுக்குக் கூட அது கடல்ல வாழற ஒரு பாலூட்டி, குட்டி போட்டு பால் குடுக்கும்னு தெரிஞ்சுது. ஆனா அந்த மிருகம் உசிரோட இருந்தப்ப தின்ன புல்லு இப்ப எப்படி இருக்கு, போன வருஷம் இருந்த இடத்துல இருக்கா இல்லையான்னு ஒரு வரி கூட எங்கயும் வர்றதில்ல, அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன், முடிஞ்சா முழுசா போடுங்க, இடம் இல்லைன்னா கடைசியில கேட்டிருக்குறதையாவது போடுங்க.

நான் சேதுபாவாசத்திரம் பக்கம் பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு பயாலஜி டியூஷன் எடுக்குறவன். சூழலியல் பாடத்துல ஆற்றல் ஓட்டம்னு ஒரு பகுதி வரும், கீழ செடி, அதுக்கு மேல அதைத் தின்றது, அதுக்கும் மேல அதைத் தின்றதுன்னு படிப்படியா பிரமிடு படம் ஒண்ணு போட்டு கீழ 1000, அதுக்கு மேல 100, அப்புறம் 10, உச்சியில 1ன்னு எழுதியிருக்கும், பிள்ளைங்க அதை மனப்பாடம் பண்ணி மூணு மார்க் வாங்கிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுவாங்க. எங்க ஊர்ல பாதிப் பிள்ளைங்களோட அப்பா கடலுக்குப் போறவர். அந்தப் படத்துல இருக்குறது அவங்க வீட்டுச் சோறுன்னு யாரும் சொல்லிக் குடுக்குறதில்ல.

விஷயத்துக்கு வர்றேன். சூரியன்ல இருந்து வர்ற வெளிச்சம்தான் கிட்டத்தட்ட எல்லா உசிருக்கும் மூலதனம். (ஆழ்கடல்ல வெளிச்சமே போகாத இடத்துல, பூமிக்கு உள்ள இருந்து வர்ற கந்தக வாயுவை வச்சு வாழற பாக்டீரியா கூட்டம் இருக்கு, 1977ல காலபகோஸ் தீவுக்கிட்ட கண்டுபிடிச்சாங்க, அது தனிக்கதை.) விழுற வெளிச்சத்துல செடிகொடியெல்லாம் சேர்ந்து பிடிச்சு வைக்கிறது ரொம்பக் கொஞ்சம், பொதுவா நூத்துல ஒரு பங்குன்னு சொல்லலாம், பல இடத்துல அதுவும் இல்ல. அந்த ஒரு பங்குல இருந்துதான் மத்த எல்லாம், புழு, நண்டு, நெத்திலி, வஞ்சிரம், பருந்து, நம்ம.

நம்ம கடல்ல அந்த வேலையை முக்கியமா பண்றது ரெண்டு பேரு. ஒண்ணு தண்ணியில மிதக்குற கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. இன்னொண்ணு கடல்புல். நிறைய பேரு இதையும் பாசின்னு நினைக்கிறாங்க, இல்லைங்க, இதுக்கு வேர் இருக்கு, தண்ணிக்கு அடியிலயே பூ பூக்கும், விதை விடும், தரையில இருக்குற புல்லு மாதிரி நிஜமான பூக்குற செடி. பாக் விரிகுடா ஆழம் கம்மி, ரொம்ப ஆழமான இடமே பதிமூணு மீட்டர் பக்கம்தான், அதனால வெளிச்சம் அடிமட்டம் வரைக்கும் போய்ச் சேருது, அதனாலதான் இங்க புல்வெளி இருக்கு. கடல்புல்லுக்கு வெளிச்சம் நிறைய வேணும், தண்ணிக்கு மேல விழுறதுல சுமாரா பத்துல ஒரு பங்காவது அடியில இருக்குற இலைக்குக் கிடைச்சாதான் அது பொழைக்கும். நுண்பாசிக்கு இதைவிட ரொம்பக் கம்மி வெளிச்சம் போதும். இதை ஞாபகம் வச்சுக்குங்க, தண்ணி கலங்குற விஷயத்துக்கு அப்புறம் வர்றேன்.

புல்லு பிடிச்ச சக்தி முழுசும் அடுத்த ஆளுக்குப் போயிடாது. புல்லே உசிர் வாழணும், மூச்சு விடணும், அதுக்கே பாதிக்குப் பக்கத்துல எரிச்சிடும். மிச்சத்தை ஒரு ஓரா மீன் தின்னுதுன்னா, தின்னதுல செரிக்காதது கழிவாப் போகும், செரிச்சதுல பெரும்பங்கு அது நீந்துறதுக்கும் உசிரோட இருக்குறதுக்கும் எரிஞ்சு போகும், உடம்புல சதையா சேருறது கொஞ்சம்தான். எங்க ஊர் பாஷையில சொல்லணும்னா படகு கரைக்கு வந்து மீனு வித்த காசுல டீசல், ஐஸு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழிச்சிட்டு மிஞ்சுறதைத்தான் பங்கு போடுவோம், அந்த மாதிரி ஒவ்வொரு படியிலயும் செலவு போக மிச்சம்தான் அடுத்த படிக்கு. எரிஞ்சது வெப்பமாப் போயிடும், திரும்பி வராது. இங்கதான் பிள்ளைங்க குழப்பிக்கிறாங்க. கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் சுத்திச் சுத்தி வரும், செத்த மீன்ல இருந்த நைட்ரஜன் நாளைக்குப் புல்லுக்கு உரமாகும். சக்தி அப்படி சுத்தாது. ஒரு வழிப் பாதை, தினமும் சூரியன் புதுசா குடுத்தாதான் உண்டு.

இந்தக் கணக்கை முதல்ல ஒழுங்கா போட்டவர் அமெரிக்காவுல ரேமண்ட் லிண்டெமன்னு ஒரு இளைஞர். மின்னசோட்டாவுல சீடர் பாக்னு ஒரு சின்ன ஏரி, அதுல இருக்குற பாசியில இருந்து பூச்சி, மீனு வரைக்கும் எல்லாத்தையும் எடுத்து எவ்வளவு சக்தி எந்தப் படியில இருக்குன்னு கணக்குப் போட்டார். அவர் எழுதுன கட்டுரையை முதல்ல பரிசீலிச்சவங்க வேண்டாம்னு தள்ளிட்டாங்க, ஹட்சின்சன்னு ஒரு பெரிய விஞ்ஞானி பரிந்து பேசினதாலதான் 1942ல அச்சுல வந்துது, அது வர்றதுக்கு முன்னாடியே அதே வருஷம் 26 வயசுல லிண்டெமன் இறந்துட்டார். ஒரு படியில இருக்குற சக்தியில பத்து சதவீதம்தான் அடுத்த படிக்குப் போகும்ங்குறது நம்ம பாடத்துல "லிண்டெமன் பத்து சதவீத விதி"ன்னு அவர் பேர்ல இருக்கு. ஆனா அவர் கட்டுரையில சீடர் பாக் ஏரிக்கு வந்த எண்ணைப் பாருங்க: வெளிச்சத்துல இருந்து செடிக்கு 0.1 சதவீதம், செடியில இருந்து அதைத் தின்றதுக்கு 13.3, அதுல இருந்து அடுத்ததுக்கு 22.3. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கிட்ட மெண்டோட்டா ஏரியில 8.7, 5.5, 13ன்னு வருது. பத்துங்குற எண்ணே எங்கயும் இல்ல! பல வருஷம் கழிச்சு 1995ல டேனியல் பாலி, கிறிஸ்டென்சன்னு ரெண்டு மீன்வள விஞ்ஞானிங்க 48 நீர்வாழ் சூழல் மாதிரிகளை எடுத்து சராசரி போட்டப்ப 10.1ன்னு வந்துது. அப்ப பத்துங்குறது சராசரி, தோராயமா கணக்குப் போட உதவும், ஆனா ஒவ்வொரு கடலும் கட்டாயம் கீழ்ப்படியுற விதி கிடையாது. எங்க பிள்ளைங்ககிட்ட பரீட்சையில பத்துன்னே எழுதச் சொல்றேன், ஏன்னா மார்க்கு முக்கியம், ஆனா எங்கருந்து வந்துச்சுன்னும் சேர்த்துதான் சொல்றேன்.

பிரமிடு படத்துல இன்னொரு பெரிய குறை இருக்கு, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாப் படுது. ஃப்ளோரிடாவுல சில்வர் ஸ்பிரிங்ஸ்னு கண்ணாடி மாதிரி தெளிஞ்ச ஊத்து ஒண்ணு இருக்கு, ஹோவர்ட் ஓடம்னு ஒரு சூழலியல் விஞ்ஞானி அங்க பண்ண ஆராய்ச்சி 1957ல வந்துது. ஒரு சதுர மீட்டர்ல ஒரு வருஷத்துக்கு செடிங்க பிடிச்ச சக்தி 20,810 கிலோ கலோரி. செடி தனக்கு எரிச்சது போக மிஞ்சுனது 8,833. அதுல செடியைத் தின்ற பிராணிங்களுக்குப் போனது 3,368, அதுங்களைத் தின்றதுக்கு 383, உச்சியில இருக்குற பெரிய மீனுக்கு வெறும் 21. இது வரைக்கும் எல்லாரும் சொல்றதுதான். ஆனா அதே ஆராய்ச்சியில மக்க வைக்கிற பாக்டீரியா, பூஞ்சை கூட்டத்துக்குப் போனது 5,060. அதாவது செடியைத் தின்ற பிராணிங்க எல்லாத்துக்கும் போனதை விட, மக்குறது வழியாப் போனது ஒண்ணரை மடங்கு! நம்ம பிரமிடு படத்துல இந்த வழியே இருக்காது, ஓரமா "சிதைப்பவை"ன்னு ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தா அதுவே பெருசு.

நம்ம கடல்புல்லுக்கு இது இன்னும் அதிகமாப் பொருந்தும். பச்சையா இருக்கும்போதே கடல்புல்லைத் தின்றது ரொம்பக் கம்மி பேரு, ஆவுளியா, பேராமை, ஓரா மீனு, கடல் முள்ளெலி மாதிரி சிலது. இலை நாரா இருக்கும், செரிக்கிறது கஷ்டம். அதனால பெரும்பாலான இலை பழுத்து உதிர்ந்து அடியில விழும். அதுல பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறும், ஏறுனதும் அந்த நாருக்கு சத்து கூடும், அதைச் சின்னச் சின்ன புழுவும் கூனிப்பொடி சைஸ் இறால் இனமும் தின்னும், அதுங்களை இறாலும் நண்டும் தின்னும், மடவை மீனு சேத்தையே உறிஞ்சி அதுல இருக்குற மக்குன துகளைத் தின்னும், கடல் அட்டை மணலை விழுங்கி அதுல இருக்குற சத்தை எடுத்துக்கிட்டு சுத்தமான மணலை வெளிய விடும். நீலக்கால் நண்டு இந்தப் பக்கம் எத்தனை குடும்பத்துக்குச் சோறு போடுதுன்னு கரையோர ஊர்ல கேட்டுப் பாருங்க, அந்த நண்டு இருக்குறதே புல்லு இருக்குற இடத்துலதான். இலை மேல ஒட்டி வளர்ற மெல்லிய பாசி இன்னொரு சாப்பாடு, நத்தையும் குட்டி மீனும் அதைச் சுரண்டித் தின்னும். ஆக புல்லைத் தின்னாத மீனும் புல்லாலதான் வாழுது. வெறும் மணலா கிடக்குற அடிக்கடல்லயும் புல்லு இருக்குற இடத்துலயும் ஒரே வலையைப் போட்டுப் பார்த்தவங்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்ல.

கடல் அட்டை பத்தி ஒரு வார்த்தை. 2001ல இருந்து அதைப் பிடிக்கக் கூடாதுன்னு வனவிலங்கு சட்டத்துல இருக்கு, இன்னும் கடத்துறாங்க, பிடிபட்டா உங்க பேப்பர்ல "இத்தனை லட்சம் மதிப்புள்ள கடல் அட்டை பறிமுதல்"னு வருது. அதோட மதிப்பு அந்த லட்சம் மட்டும் இல்லைங்க. அடியில தேங்கிக் கிடக்குற சக்தியை திரும்ப உசிருக்குள்ள கொண்டு வர்ற வேலையை அது ராத்திரி பகலா பண்ணிக்கிட்டு இருக்கு.

இப்ப ஆவுளியாவுக்கு வர்றேன். அது கீழ்ப்படியிலயே உக்காந்து நேரா புல்லைத் தின்றதாலதான் அவ்வளவு பெரிய உடம்பு வளர்க்க முடியுது, நடுவுல யாருக்கும் பங்கு குடுக்க வேண்டியதில்ல. ஒரு நாளைக்கு 30ல இருந்து 40 கிலோ வரைக்கும் புல்லு தின்னும்னு சொல்றாங்க, 35ன்னு வச்சுக்கிட்டா ஒரு வருஷத்துக்கு பன்னண்டரை டன்னுக்கு மேல ஆச்சு, ஒரே ஒரு ஆவுளியாவுக்கு. இலையை மட்டும் மேயுறதில்ல, வேர்த்தண்டுல மாவுச்சத்து இருக்கும், அதையும் சேர்த்துப் பிடுங்கித் தின்னும், அடியில உழுத சால் மாதிரி தடம் விழும். வெப்ப ரத்த பிராணிங்குறதால தின்னதுல பெரும்பங்கு உடம்பு சூட்டுக்கே போயிடும், பாலூட்டிங்க எல்லாமே அப்படித்தான், செரிச்ச சக்தியில நூத்துக்கு ரெண்டு மூணுதான் புது சதையாவும் குட்டியாவும் மாறும், மீன்ல அது பத்துக்குப் பக்கம் வரும். அதனால ஆவுளியா மெதுவாத்தான் வளரும், குட்டி போடுற வயசு வரவே பல வருஷம் ஆகும், அப்புறம் மூணுல இருந்து ஏழு வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி. வலையில மாட்டி ஒண்ணு செத்தா அந்த இடத்தை நிரப்ப எத்தனை வருஷமோ.

2022 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரமா 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா பாதுகாப்பகமா அறிவிச்சுது, இந்தியாவுலயே இது முதல். எங்க ஊருக்குப் பெருமைதான், மனசாரச் சொல்றேன். அந்தப் பரப்புக்குள்ள 12,250 ஹெக்டேர் புல்வெளி இருக்குன்னு அரசே சொல்லியிருக்கு. அந்த 12,250தான் உண்மையான பாதுகாப்பகம். கடல்ல கோடு போட்டு போர்டு வைக்க முடியாது, வச்சாலும் ஆவுளியா படிக்காது, புல்லு இருந்தா இருக்கும் இல்லைன்னா போயிடும்.

புல்லுக்கு என்ன ஆபத்துன்னா, முதல்ல இழுவை மடி, அதாவது விசைப்படகு கடலடியில இழுத்துட்டுப் போற வலை. கரையில இருந்து மூணு கடல் மைலுக்குள்ள விசைப்படகு வரக் கூடாதுன்னு 1983ல வந்த மீன்பிடி ஒழுங்குமுறை சட்டத்துல இருந்தே இருக்கு. நம்ம பக்கம் வாரத்துல மூணு நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகுன்னு முறையும் இருக்கு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலமும் இருக்கு. எல்லாம் இருந்தும் இந்த ஆழம் கம்மியான கடல்ல அடி மடியை இழுத்தா ரெண்டு கெடுதல் ஒண்ணா நடக்குது. வேரோட புல்லைப் பேத்துட்டு வர்றது ஒண்ணு, அது கண்ணுக்குத் தெரியும், வலையில சுத்திக்கிட்டு மேல வரும். இன்னொண்ணு தெரியாது: அடிச்சேறு கிளம்பி தண்ணி கலங்குது, வெளிச்சம் கீழ போகல, மடி படாத பக்கத்துப் புல்லும் பட்டினி கிடக்குது. மேல சொன்னேனே, பத்துல ஒரு பங்கு வெளிச்சம் வேணும்னு, அது அடிக்கடி கிடைக்காமப் போனா வேர்த்தண்டுல சேத்து வச்ச மாவுச்சத்தைக் கரைச்சு கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும், அப்புறம் செத்துடும். ஊர்ச் சாக்கடையும், இறால் பண்ணைத் தண்ணியும் வாய்க்கால் வழியா கடலுக்கு வர்றதும் அதே மாதிரிதான், சத்து அதிகமாகி நுண்பாசி பெருகி தண்ணி பச்சையாகி புல்லுக்கு வெளிச்சத்தை மறைச்சிடும்.

அடுத்தது சங்காயம். உங்க வாசகர்ல வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாம இருக்கலாம். இழுவை மடியில விலை போற மீனு, இறால், கணவா, நண்டு எல்லாம் பொறுக்கி எடுத்தது போக மிச்சமா கிடக்குற பொடி மீனு, காரல் குஞ்சு, நசுங்குன நண்டு, கடல் அடியில கிடந்த எல்லாம் கலந்த குவியலைத்தான் சங்காயம்ங்குறாங்க. காய வச்சோ அப்படியேவோ லாரி ஏத்தி மீன் மாவு ஆலைக்குப் போகுது, கோழித் தீவனம், மீன் தீவனம், இறால் தீவனம் ஆகுது. பச்சை மீனு நாலஞ்சு கிலோ போட்டா ஒரு கிலோ மாவு கிடைக்கும், மிச்சம் பெரும்பாலும் தண்ணி. இதை "வீணாப் போறதை உபயோகமாக்குறது"ன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல.

ஏன்னு சொல்றேன். ஒரு கிலோ வஞ்சிரம் உடம்பு சேர்க்கணும்னா சராசரிக் கணக்குல பத்து கிலோ நெத்திலி, சாளை மாதிரி பொடி மீனு வேணும், அதுக்கு நூறு கிலோ மிதக்குற நுண்விலங்கு, அதுக்கு ஆயிரம் கிலோ நுண்பாசி. தோராயம்தான், நெத்திலி நேரா பாசியையும் கொஞ்சம் தின்னும், ஆனா அளவு புரியும். சங்காயத்துல போறது இந்த நடுப்படிங்கதான், அதுவும் வளர்ந்து குஞ்சு பொரிக்காத வயசுல. மேல விலை போற மீனுக்குச் சாப்பாடு அதுதான், அதுல பாதிப் பொடி அந்த விலை போற மீனோட குஞ்சேதான். அதைத் தூக்கிட்டுப் போய் கோழிக்குப் போடுறோம், கோழியும் வெப்ப ரத்தம், தின்னதுல பெரும்பங்கை சூட்டுக்கே எரிச்சிடும். கடல்ல ரெண்டு படி ஏறி கஷ்டப்பட்டு சேர்ந்த சக்தியை கரைக்குக் கொண்டு வந்து இன்னொரு படி ஏத்தி கரைக்கிறோம். அந்த நெத்திலியையும் காரலையும் வளர்ந்தப்புறம் பிடிச்சு நேரா மனுஷன் தின்னா அந்தப் படி மிச்சம். காரல் குழம்புக்கும் காரல் கருவாட்டுக்கும் இந்தக் கரையில மவுசு இல்லாமலா இருக்கு? பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறும்னு வச்சுக் குடுக்குற மீனு அது.

1998ல அதே டேனியல் பாலியும் கூட இருந்தவங்களும் சேர்ந்து உலகம் பூரா பிடிக்கிற மீனோட படி வருஷா வருஷம் கீழ இறங்கிக்கிட்டே வருதுன்னு எழுதினாங்க, பெரிய மீனு தீர்ந்ததும் அதுக்குக் கீழ இருக்குறது, அதுவும் தீர்ந்ததும் இன்னும் கீழன்னு. அந்தக் கணக்கு போட்ட விதத்தைப் பத்தி விஞ்ஞானிங்களுக்குள்ள வாதம் நடந்துது, நடக்கட்டும். எங்க ஏலக் கூடத்துல நிக்குற வயசானவங்க எந்த மீனு முன்ன வந்துது, இப்ப எது வருதுன்னு சொல்றதைக் கேட்டா எனக்கு அந்த வாதத்துல எந்தப் பக்கம் நிக்கணும்னு தெரியும்.

இதை எழுதுறதால விசைப்படகுல போறவங்களைத் திட்டுறேன்னு யாரும் நினைக்க வேண்டாம். வாரத்துல மூணு நாள்தான் கடல், டீசல் விலை எல்லாருக்கும் தெரியும், எல்லை தாண்டுனா படகு போகும், ஆளு ஜெயிலுக்குப் போவாங்க, இலங்கையில 2017ல இருந்து இழுவை மடியே சட்டப்படி தடை, அங்க வடக்கு மாகாணத்துல இருக்குற தமிழ் மீனவங்களும் இதே புல்லையும் இதே இறாலையும் நம்பித்தான் இருக்காங்க. கடனை அடைக்கணும்னு நிக்குற ஆளு சங்காயத்தை கடல்ல கொட்டிட்டு வருவாரா? கூலிக்குப் போறவர் கையில இந்த முடிவே இல்ல. மாத்து வழி காட்ட வேண்டியது அரசு. இழுவைப் படகை விட்டுட்டு ஆழ்கடல்ல சூரை பிடிக்கப் போங்கன்னு 2017ல ஒரு திட்டம் வந்துது, 2,000 படகை மாத்துறது இலக்கு, படகு ஒண்ணுக்கு 80 லட்சம்னு கணக்கு. நோக்கம் நல்லதுதான், ஆனா அதுலயும் இந்தப் படிக்கணக்கை யாராவது பேசுனாங்களான்னு தெரிஞ்சுக்க ஆசை. சூரை உச்சிப்படிக்குப் பக்கத்துல இருக்குற மீனு, அதுலயும் மத்த மீன் மாதிரி இல்லாம உடம்பை சூடா வச்சுக்குற ஜாதி, நிக்காம நீந்திக்கிட்டே இருக்கும், சாப்பாடு ரொம்ப வேணும். சில்வர் ஸ்பிரிங்ஸ்ல 20,810ல உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது 21தான். உச்சிப்படியில எப்பவுமே கொஞ்சம்தான் இருக்கும், ஆழ்கடல் பெருசுங்குறதால அள்ள அள்ள வரும்னு நம்பி ஆயிரக்கணக்கான குடும்பத்தைக் கடன்ல இறக்கி விடக் கூடாது.

நல்லதும் நடக்குது, அதையும் சொல்லணும். மூங்கில் சட்டம் கட்டி அதுல தேங்காய் நார்க் கயிறு இழுத்து கடல்புல்லை முடிஞ்சு அடியில இறக்கி வளர்க்குற வேலை இந்தக் கடல்ல நடந்திருக்கு, பிளாஸ்டிக் இல்லாம, நார் மக்குறதுக்குள்ள வேர் பிடிச்சுக்கும். கை வேலை, தண்ணிக்குள்ள மூழ்கி ஒவ்வொரு சட்டமா வைக்கணும். ஒரு பக்கம் இப்படி பொறுமையா நடுறாங்க, இன்னொரு பக்கம் ஒரு ராத்திரி இழுப்புல அதைவிடப் பெரிய பரப்பு போயிடுது, இதைப் பார்க்கும்போது வயிறு எரியுதுங்க.

இன்னொரு சின்ன விஷயம். காத்து மாறுற காலத்துல கரையில கடல்புல்லு குவியலா ஒதுங்கும், கொஞ்சம் நாறும். கரையைச் சுத்தம் பண்றோம்னு நல்ல மனசோட வர்ற காலேஜ் பிள்ளைங்க பிளாஸ்டிக்கோட சேர்த்து அதையும் அள்ளி குப்பையில போடுறாங்க, சில இடத்துல கொளுத்துறாங்க. தயவு செஞ்சு பிளாஸ்டிக்கை மட்டும் எடுங்க. அந்தக் குவியல்ல மணல் பூச்சியும் குட்டி நண்டும் வாழுது, அதுங்களைத் தின்ன கரைப்பறவைங்க வருது, அலை மறுபடி கொஞ்சத்தை உள்ள இழுத்துட்டுப் போய் கடலுக்கே குடுக்குது. கொளுத்துனா அத்தனை நாள் பிடிச்சு வச்ச வெயிலை அரை மணி நேரத்துல புகையாக்கிட்டோம்னு அர்த்தம்.

சரிங்க, கேக்க வந்ததைக் கேட்டுடறேன். தடைக்காலம் முடிஞ்சு ஜூன் 15க்கு அப்புறம் படகெல்லாம் கரைக்கு வரும்போது ஒவ்வொரு வருஷமும் "மீன்வரத்து அதிகம், மீனவர்கள் மகிழ்ச்சி"ன்னு இல்லைன்னா "எதிர்பார்த்த மீன் இல்லை"ன்னு செய்தி போடுறீங்க. அடுத்த தடவை உங்க நிருபர் ஏலக் கூடத்துல நிக்கும்போது எத்தனை டன்னுன்னு மட்டும் கேக்காம அதுல சங்காயம் எத்தனை டன்னுன்னும் கேட்டு எழுதட்டும். மீன்வளத்துறை ஒவ்வொரு இறங்குதளத்துலயும் சங்காயத்தைத் தனியா எடை போட்டு மாசா மாசம் வெளியிடணும்னு உங்க பேப்பர் வழியா கேக்குறேன். பாதுகாப்பகத்துல இருக்குற புல்வெளி இந்த வருஷம் எத்தனை ஹெக்டேர், எந்த ஊருக்கு நேரா கூடியிருக்கு, எங்க குறைஞ்சிருக்குன்னு வனத்துறை வருஷத்துக்கு ஒரு தடவையாவது வரைபடத்தோட தமிழ்ல போடணும், கரையோர ஊராட்சி ஆபீஸ்ல ஒட்டணும், ஏன்னா அந்தக் கடல்ல தொழில் பண்ற மனுஷன்தான் அதை முதல்ல பார்க்க வேண்டியவர். மூணு கடல் மைல் விதியை மீறுறதுக்கு எத்தனை வழக்கு போட்டாங்க, அது என்னாச்சுன்னும் சொல்லணும். பாடப்புத்தகம் எழுதுறவங்க யாராவது இதைப் படிச்சா, ஆற்றல் ஓட்டப் பாடத்துல புல், மான், புலின்னு மட்டும் போடாம கடல்புல், மக்குன இலை, இறால், நண்டுன்னு ஒரு படம் சேருங்க, தமிழ்நாட்டுல ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல கடற்கரை இருக்கு, அந்தப் பிள்ளைங்களும் அதே புத்தகத்தைத்தான் படிக்கிறாங்க.

அடுத்த தடவை ஆவுளியா ஒண்ணு கரை ஒதுங்குனா படம் போடுங்க, அது எங்க மேய்ஞ்சுதுன்னும் விசாரிச்சு எழுதுங்க. பிரேதப் பரிசோதனையில வயித்துக்குள்ள என்ன புல்லு இருந்துச்சு, நிறைஞ்சு இருந்துச்சா காலியா இருந்துச்சான்னு டாக்டருக்குத் தெரியும், கேட்டா சொல்லுவார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
சேதுபாவாசத்திரம், தஞ்சாவூர் மாவட்டம்.